கயிற்றின் இரு முனைகள்

ஆசிரியத் தொழிலில் உள்ள எம்போன்றோர்க்கு ஒரு குறை உண்டு. வினாவைக் கேட்கும்போதே விடையையும் முகத்தில் எழுதிக் காட்டிவிடுகின்றோம். கெட்டிக்கார மாணவன் நூலைப் படியாது, எம் புருவத்தைப் படித்தே சரியான விடையைக் கூறிவிடுகின்றான். வகுப்பறையில் இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால், விமானநிலையத்தில் வெடிமருந்தைத் தேடும் மோப்ப நாயைக் கையாள்பவரிடம் இக்குறை இருப்பின், அது எத்துணைப் பேராபத்தாக முடியும்!

இத்தொழிலின் அருமை 1972ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நன்கு புலனாயிற்று. அமெரிக்காவில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை நோக்கிப் பறந்த விமானம் ஒன்றில் வெடிகுண்டு வைக்கப்பட்டுள்ளதென மிரட்டல் வந்தது. விமானம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிற்று. பயணிகள் இறங்கியபின் பிராண்டி என்னும் அல்சேஷன் நாய் உள்ளே அனுப்பப்பட்டது. குண்டு வெடிப்பதற்கு 12 நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில் அது குண்டைக் கண்டுபிடித்தது. விமானநிலையங்களுக்கு இத்தகைய நாய்களை ஆயத்தஞ் செய்யும் திட்டத்தை அமெரிக்க அரசு அவ்வாண்டிலேயே தொடங்கியது.

இன்று அந்நாட்டில் இப்பயிற்சி ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரிலுள்ள லக்லண்ட் படைத்தளத்தில் அளிக்கப்படுகின்றது. ஆங்கு முதலிற் கற்பது நாய். மனிதர் பின்னரே வந்து சேருகின்றார். வெடிமருந்தின் வாசனையை அறிந்தவுடன் நாய் குரைத்தலோ காலாற் பிறாண்டுதலோ கூடாது. அசையாது அமர்தல் வேண்டும். அமர்ந்தால் அதற்கு விளையாட ஒரு பந்து கிடைக்கும். உயிர்காக்கும் பெருந்தொழில் நாய்க்கு வெறும் பந்து விளையாட்டே என்பது வியப்பன்றோ?

அவ்வாறு தேர்ச்சி பெற்ற நாயுடன் இணைக்கப்படும் மனிதரே உண்மையில் மாணவராகின்றார். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது, வாசனை எங்கே தேங்கும் என்பவற்றை அவர் அறிதல் வேண்டும். நாயின் வால் அசைவு மாறுவதையும், தலை சட்டெனத் திரும்புவதையும், மூச்சின் வேகம் வேறுபடுவதையும் கவனித்தல் வேண்டும். வெப்பத்தால் வாய்திறந்து இளைக்கும் நாய்க்கு மோப்பம் குன்றும் என்பதை உணர்ந்து, அதற்கு நீரும் ஓய்வும் அளித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் நாய் அவருடைய வீட்டிற்கே செல்கின்றது. பயிற்சி முடிந்த பின்னரும் சோதனைகள் ஓய்வதில்லை. ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்தே தேறுதல் வேண்டும்.

இவற்றினும் கடினமான பாடம் ஒன்றுண்டு. கலிபோர்னியாவில் ஆய்வாளர் சிலர் மோப்ப நாய்களையும் அவற்றைக் கையாள்வோரையும் 18 சோடிகளாகச் சோதித்து, அதன் முடிவை 2011இல் வெளியிட்டனர். தேடவேண்டிய பொருள் சில இடங்களில் இருக்கக்கூடுமென்றும், சில இடங்களை ஒரு செந்தாள் அடையாளங் காட்டுமென்றும் கையாள்வோரிடம் கூறப்பட்டது. உண்மையில் எவ்விடத்திலும் யாதொரு பொருளும் வைக்கப்படவில்லை. எனினும், நடைபெற்ற 144 தேடுதல்களில் 21 மட்டுமே பொய்யறிவிப்பின்றி முடிந்தன! செந்தாள் இருந்த இடங்களிலேயே பொய்யறிவிப்புகள் மிகுந்திருந்தன. நாயின் மூக்கு பழுதுற்றதெனக் கூறுதல் இயலாது. மனிதரின் நம்பிக்கையே பிழைக்கு வித்தாயிற்று. நாய் அவர்தம் நடையின் தயக்கத்தைப் படித்திருக்கலாம்; அன்றி, அவரே தாம் எதிர்பார்த்ததைக் கண்டதாக எண்ணியிருக்கலாம்.

கழுத்துக் கயிற்றுக்கு இரு முனைகள் உண்டு. நாயிடமிருந்து மனிதருக்குச் செய்தி வருவதுபோலவே, மனிதரிடமிருந்து நாய்க்கும் செய்தி செல்கின்றது. ஒருவரின் தோற்றத்தைக் கண்டு ஐயுற்றுக் கயிற்றைச் சற்று இறுக்கினால் குற்றமற்றவர் மீது பழி விழும். மற்றொருவரைக் கண்ணியமானவரென மதித்து விரைந்து கடந்தால், குண்டு தப்பிவிடவுங் கூடும். ஆகவே, பொருள் இருக்குமிடம் கையாள்பவருக்கும் அருகில் நிற்போர்க்கும் தெரியாதவாறு சோதனை நடத்துதலே சாலச் சிறந்தது.

இத்தொழிலை விரும்பும் இளைஞர் நாயன்பும் உடல்வலிமையும் போதுமென எண்ணற்க. தம் ஊகத்தை அடக்கி, உண்மை தானாக வெளிப்படும்வரை பொறுத்திருக்கும் மனமே முதலில் வேண்டும். நாளை வகுப்பில் வினாவொன்றைக் கேட்கையில், எம் புருவத்தை அசையாது வைத்திருக்க நாமும் முயல்வோம்.