வழுக்கினால் மட்டும் போதுமா?

“ஆப் மாதிரி வழுக்கிட்டுப் போகணும்.” இலக்கிய இணைய இதழ் தொடங்குகிறவர்கள் வடிவமைப்பாளரிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை. விரல் பட்டும் அசையாத பக்கத்தை யார் சகித்துக்கொள்வார்கள்? ஆனால் அந்த வழுக்கலுக்கு என்ன விலை என்று கேட்கத்தான் ஆளில்லை. என் கட்சி இது: எந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துவிட்டால் கவிதையும் சேர்ந்து காணாமல் போகிறதோ, அது இலக்கியத் தளத்துக்கு வேண்டாம்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ் இணையத்துக்கு வந்த கதையில் குவீன்ஸ்டவுனுக்கும் பங்கிருக்கிறது. அந்த வட்டாரத்தின் கெண்ட் ரிட்ஜில்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்த டான் டின் வீ குழுவினரும், கணியன் எழுத்துருவை உருவாக்கிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் உழைத்ததில், 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் எடுத்துவைத்த முதல் அடிகளில் ஒன்று, கவிதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். அப்போதெல்லாம் எழுத்துருவை வாசகரே இறக்கி நிறுவ வேண்டும். பெரிய தொல்லை. அதைத் தீர்க்க ‘டைனமிக் ஃபான்ட்’ வந்தது. பக்கத்தைத் திறந்தாலே எழுத்துரு தானாக வந்து உட்காரும். அன்றைக்கு அதுதான் வழுக்கல். தமிழ்த் தளங்கள் பலவும் அதன் பின்னால் ஓடின. மைக்ரோசாஃப்ட்டின் வடிவமோ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. அடியில் கிடந்த எழுத்து, தளத்துக்குத் தளம் வேறு குறியாக்கம். எக்ஸ்ப்ளோரர் போனது, தமிழும் போனது. அந்தப் பக்கங்களை இன்று திறந்தால் ரோமன் எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். அதிலிருக்கும் கவிஞரின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினாலும் அகப்படாது.

அன்றைக்கு வேறு வழி குறைவு. 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தாலும், விண்டோஸில் அது வர 2000 ஆனது. இன்றைக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆனாலும் அதே தப்பைப் புதுச் சட்டை போட்டுச் செய்கிறோம். சர்வர் ஒரு வெற்றுச் சட்டகத்தை அனுப்புகிறது. பிறகு மூட்டை மூட்டையாக ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, கவிதையைத் தேடி எடுத்து வந்து ஒட்டுகிறது. எட்டு வரிக் கவிதைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? விலை குறைந்த கைபேசியில், டேட்டா கணக்குப் பார்த்து, ஊழியர் தங்குவிடுதியில் படிக்கிறவருக்கு வெள்ளைத் திரைதான் மிஞ்சும். இணையக் காப்பகமும் பல நேரம் அந்த வெற்றுச் சட்டகத்தைத்தான் சேமிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வழுக்கலுக்கு இப்போது இதெல்லாம் தேவையே இல்லை. ‘வியூ டிரான்சிஷன்ஸ்’ இருக்கிறது. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களுக்கு இடையிலேயே, ஓரிரு வரி சிஎஸ்எஸ்ஸில், ஆப் மாதிரி மெல்லிய நகர்வு கிடைக்கும். அதை அறியாத உலாவி அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். கவிதை அப்படியே நிற்கும். ‘சர்வீஸ் வொர்க்கர்’ வைத்தால், ஒருமுறை திறந்த பக்கத்தை இணையம் இல்லாமலும் படிக்க வைக்கலாம். ‘ஃபான்ட் டிஸ்ப்ளே ஸ்வாப்’ போட்டால், அழகான எழுத்துரு வந்துசேரும்வரை கருவியில் இருக்கும் தமிழ் எழுத்தே காட்சி தரும். மூன்றுமே வாசகருக்கு வேலை செய்கிற நுட்பங்கள். எழுத்தைப் பிணை வைக்காதவை.

ஆகவே இதழ் நடத்துகிற நண்பர்களே, வடிவமைப்பாளர் புதுத் தளத்தைக் காட்டும்போது உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் திறங்கள். கவிதை தெரிந்தால் பணத்தைக் கொடுங்கள். தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். நம்மை நம்பி எழுத்தைத் தருகிறவருக்கு, முப்பது வருடம் கழித்தும் அதைப் படிக்க முடியும் என்ற உத்தரவாதத்தைத்தான் முதலில் தர வேண்டும். வழுக்கல் அப்புறம்.