போன வழியே திரும்பினோம்

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு சுருளி அருவிக்குப் போய் வந்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய யாத்திரை அன்று. ஆயினும் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. "மலையா? வேண்டாம் ஐயா!" என்றே பலரும் சொன்னார்கள்.

அவர்களுடைய பயம் நியாயமானதே. 2018-ம் வருஷம் மார்ச்சு 11-ம் தேதி, இதே தேனி ஜில்லாவில், போடிக்கு அப்பால் குரங்கணி மலையில் நடந்ததை யார் மறப்பார்கள்? மலையேறச் சென்ற இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. தீயானது சரிவில் மேல்நோக்கி ஏறும்போது, முன்னேயுள்ள புல்லைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்திக்கொண்டு பாய்கிறது. மனிதனுடைய கால்கள் அதற்கு ஈடு கொடுக்க மாட்டா. பாடப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தைப் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

அனுமதி பெற்று, வன இலாகாவின் காவலர் ஒருவர் முன் நடக்க, ஆற்றோரமாகச் சென்றோம். இந்த மலைகள் 2009-ல் மேகமலைச் சரணாலயமாயின; 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியுடன் சேர்ந்து இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமாயின. புலியைக் காப்பதால் நமக்கென்ன லாபம் என்று ஒரு பையன் கேட்டான். "புலிக்காகக் காட்டை விட்டுவைத்தால், காடு மழை நீரைத் தேக்கிக் கசிய விடும், அந்தக் கசிவுதான் சுருளியாறு, அது வைகையில் சேர்ந்து உன் மாமன் ஊர் மதுரைக்கும் போகிறது" என்றோம். மேலே கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. இந்த மலைகளில் உள்ள நரை அணில், தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் பிராணி. நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்துவிடும். இதைக் காவலர் சொன்னபோது, பிள்ளைகள் நம் சொற்பொழிவைக் கேட்டதைக் காட்டிலும் அதிகச் சிரத்தையுடன் கேட்டார்கள்.

அருவியில் குளித்தாயிற்று, புளியோதரையும் தீர்ந்தது. அப்போதுதான் நமக்கு ஒரு சபலம் உண்டாயிற்று. மறு கரையில் ஓர் ஒற்றையடிப் பாதை தெரிந்தது. வந்த வழியே திரும்புவானேன்? ஒரு சுற்றுச் சுற்றிப் போனால் என்ன? பிள்ளைகளும் "ஆமாம் ஐயா!" என்று கோஷமிட்டார்கள்.

காவலர் தலையை ஆட்டினார். "வேண்டாம் வாத்தியாரய்யா. பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு இறங்குகிற தடம் அது" என்றார்.

பட்டம் பெற்றவர் நாம். இருபது வருஷமாகப் பூகோளம் போதிக்கிறவர். மாணவர்கள் முன்னிலையில் மறுக்கப்பட்டதில் சற்றே முகம் சுண்டியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். "பகல் மூன்று மணிதானே?" என்று வாதாடவும் வாயெடுத்தோம். ஆனால் அவர் பேசாமல் தரையைச் சுட்டினார். ஈரம் காயாத லத்தி கிடந்தது. போன வழியே திரும்பினோம்.

2024-ல் நமது ராஜ்ய சர்க்கார், வழிகாட்டியுடன் செல்வதற்கென்று நாற்பது மலைப் பாதைகளைத் திறந்தது. அவற்றில் குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குப் போகும் பாதையும் ஒன்று. நல்ல காரியம். மலையைக் கண்டு நடுங்கும் தலைமுறை, மலையைக் காக்கவும் வராது. எனவே பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்புங்கள். ஆனால் தீப் பருவத்தில் அனுப்பாதீர்கள், அனுமதியின்றி அனுப்பாதீர்கள், காட்டை அறிந்தவர் "வேண்டாம்" என்று சொன்னால் அத்துடன் நிற்கக் கற்றுக் கொடுத்து அனுப்புங்கள்.

நாம் அதை நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டோம். பிள்ளைகள் பன்னிரண்டிலேயே கற்றார்கள்.