இன்ஜின் சத்தத்துக்காகக் கிடேரியை விற்கலாமா?

செங்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள், ஐந்து மாதச் சினையில் ஒரு கிடேரி, 2012-ல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் வண்டி ஒன்று. தன் வீட்டுப் பாலையும் ஓரகத்தி வீட்டுப் பாலையும் இரண்டு கேன்களில் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவது அவருடைய கணவரின் வேலை. மூன்று மாதமாக இன்ஜினில் கடகடவென்று சத்தம். காலையில் கிக்கர் அடித்துக் கிளப்பும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது. சூடான பிறகு கொஞ்சம் அடங்குகிறது. சைலன்சரில் லேசாக நீலப் புகை. கிலோமீட்டர் முள் 80,000-ஐத் தாண்டியதும் நின்றுவிட்டதாம்.

மெக்கானிக் வண்டியைக் கிளப்பிக் காதால் கேட்டுவிட்டு, “இன்ஜின் முடிஞ்சுபோச்சு. செகண்ட்ஸ் இன்ஜின் ஒன்று இருக்கு, 9,000 ரூபாய், மாட்டிக்கலாம்” என்றிருக்கிறார். ஷோரூமில் போட்டுக்கொடுத்த கணக்கு வேறு: பழைய வண்டிக்கு 15,000 கழித்தது போக முன்பணம் 20,000, பிறகு மாதம் 3,200 வீதம் 36 தவணை. அந்த முன்பணத்துக்காகக் கிடேரியை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். அந்த அம்மாவுக்கு மனசில்லை. எது சரி என்று கேட்டிருக்கிறார்.

வண்டியைப் பற்றிய கேள்விதான் என்றாலும், நான்கு மாதத்தில் கன்று போடப்போகும் கிடேரியின் தலைவிதி இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

நெல் இலை மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் யாரும் மருந்து எழுதித்தர முடியாது. தழைச்சத்து குறைந்தாலும் மஞ்சள், துத்தநாகம் குறைந்தாலும் மஞ்சள், தண்ணீர் வடியாவிட்டாலும் மஞ்சள். இன்ஜின் சத்தமும் அப்படித்தான். 200 ரூபாயில் தீரும் சத்தமும் உண்டு, அடுத்த வாரமே இன்ஜினை உடைத்துப்போடும் சத்தமும் உண்டு. இந்த வீட்டில் இதுவரை யாரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்காமலேயே 9,000 ரூபாய்க்கும் ஒரு லட்சத்துக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆயில். இந்த வண்டியில் ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கிடையாது. மொத்தமே ஒரு லிட்டரை ஒட்டித்தான் ஆயில் பிடிக்கும். புகை விடும் இன்ஜின் அதில் கால் பங்கைத் தின்றுவிட்டால் மேலே ஏறும் ஆயில் போதாமல் தலைப்பகுதி காய்ந்து சத்தம் போடும். வண்டியைச் சமதரையில் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்ப்பதுதான் சரியான அளவு. பலர் மரையைத் திருகி இறக்கி, உள்ளதைவிட அதிகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். டிராக்டருக்கு வாங்கிய கேனில் மிச்சம் இருக்கிறதே என்று அதையே பைக்கில் ஊற்றும் பழக்கம் கிராமங்களில் உண்டு. பைக்கில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. அதனால் பைக்குக்கென்று உள்ள, டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று போட்டிருக்கும் ஆயில்தான் வேண்டும். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது பழைய வண்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் செய்யும் வேலை. நோய் அப்படியே இருக்கும், வாங்கியவர் தலையில் விடியும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்க்கலாம். உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை அதில் துழாவினால் நேர்த்தியான சாம்பல் பசை கொஞ்சம் ஒட்டும். அவ்வளவு ஓடிய வண்டியில் அது சகஜம். செதில் செதிலாக இரும்புத்துண்டு வந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, இந்த இன்ஜினில் ஆயிலைச் சுத்தம் செய்ய ஒரு சல்லடையும், கிளட்ச் மூடிக்குள் சுழன்று அழுக்கைப் பிடிக்கும் ஒரு கிண்ணமும் உண்டு. ஆயில் மாற்றும்போது இதையும் திறந்து வழிக்கச் சொன்னால் பல மெக்கானிக்குகள் முகம் சுளிப்பார்கள். 80,000 கிலோமீட்டரில் அந்தக் கிண்ணம் ஒரு முறையாவது திறக்கப்பட்டதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, சத்தம் இன்ஜினுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பால் கேன் கொக்கி, செயின் கவர், தளர்ந்த இன்ஜின் போல்ட், சைலன்சர் கழுத்தில் கசியும் பேக்கிங் எல்லாமே இன்ஜின் சத்தம் போலவே ஏமாற்றும். மேட்டிலிருந்து இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிவிட்டால், அப்போதும் கேட்கும் சத்தம் செயினுடையது அல்லது சக்கரத்துடையது. நின்றபடி ஓடும்போது கேட்டு, கிளட்சைப் பிடித்ததும் மறைந்தால் கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியர்.

இவை எதுவும் இல்லையென்றால், இன்ஜினை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துக்கொள்வது நல்லது. செலவும் ஆபத்தும் இந்த இரண்டு பாதிக்கும் வேறு வேறு.

மேல்பாதியில் டாப்பெட், டைமிங் செயின், பிஸ்டன். டாப்பெட் சத்தம் தையல் மெஷின் மாதிரி சன்னமாக டிக்டிக்கென்று வரும். பீலர் கேஜ் வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது சரிசெய்ய வேண்டிய அரைமணி வேலை. சத்தமே வரக்கூடாது என்று இறுக்கிவிடச் சொல்லக்கூடாது. அளவுக்கு மீறி இறுகினால் வால்வு சரியாக உட்காராமல் கருகிப்போகும். டைமிங் செயின் தளர்ந்தால் நின்று ஓடும்போதும் ஆக்சிலேட்டரை விடும்போதும் கரகரவென்று உரசும். பிஸ்டனும் போரும் தேய்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினில் கடகடவென்று தட்டி, சூடாகிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். கூடவே நீலப்புகையும் ஆயில் குறைவும் இருக்கும்.

கீழ்பாதி என்பது கிராங்க், கனெக்டிங் ராடு, பேரிங். ராடின் கீழ்முனை தேய்ந்த சத்தம் கனமாக, மரக்கதவைத் தட்டுவதுபோல டொக்டொக்கென்று வரும். சூடானாலும் அடங்காது. பாரத்தோடு மேடு ஏறும்போது ஓங்கும். இந்தச் சத்தம் கேட்டால் அதோடு வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டால் ஒருநாள் ராடு முறிந்து இன்ஜின் கூட்டையே ஓட்டை போட்டுவிடும். பின்சக்கரம் இறுகி, கேனோடு ஆளும் சாலையில் விழவேண்டி வரும். உய்யென்ற ஊளைச் சத்தம் வேகத்தோடு ஏறினால் அது பெரும்பாலும் கிராங்க் பேரிங்.

கடிதத்தில் உள்ள அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் – காலையில் அதிகம், சூட்டில் குறைவு, நீலப்புகை – இது மேல்பாதி நோயாகவே படுகிறது. ஆனால் ஏரிக்கரை மேட்டில் இரண்டு கேனோடு ஏறும்போது சத்தம் என்ன ஆகிறது என்று அவர் எழுதவில்லை. அதை அவர் கணவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

எப்படியிருந்தாலும் காதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். வேறொரு மெக்கானிக்கிடம், ஹெட்டையும் பிளாக்கையும் மட்டும் கழற்றிக் காட்டச் சொல்லலாம். இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே செய்யக்கூடிய வேலை இது. கூலியை முன்கூட்டிப் பேசிக்கொண்டு, கணவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். பிளாக் கழன்றதும் கனெக்டிங் ராடு வெளியே தெரியும். பிஸ்டனை உச்சத்துக்குக் கொண்டுவந்து, ராடை இரண்டு விரலால் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் துளி ஆட்டம் தெரிந்தாலும் கீழ்முனை போய்விட்டது. ஆட்டமே இல்லையென்றால் ராடு நன்றாக இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய் முடிவு அந்த இரண்டு விரலில் இருக்கிறது.

ராடு நன்றாக இருந்தால் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி அளவெடுத்து, போர் பண்ணி, கால் மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். இல்லையென்றால் பிஸ்டனோடு புது பிளாக் செட்டாகவே வாங்கலாம். திறந்ததோடு டைமிங் செயின், டென்ஷனர் மாற்றி, வால்வை உட்காரவைத்து, வால்வு சீலும் மாற்றிவிட வேண்டும். அந்தச் சின்ன ரப்பர் சீல் கெட்டிருந்தாலும் நீலப்புகை வரும். அதை விட்டுவிட்டால் புது பிஸ்டன் போட்டும் புகை நிற்காமல் மெக்கானிக்கோடு சண்டைதான் மிஞ்சும். இந்த மேல்பாதி வேலைக்கு 5,000 ஆகும் என்று டவுனில் ஒருவர் சொன்னதாகக் கடிதத்திலேயே இருக்கிறது. கிராங்க்கும் சேர்ந்தால் 11,000 என்றாராம்.

15,000 மதிப்புள்ள வண்டிக்கு 11,000 செலவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். விற்கப்போகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. தினமும் பால் ஊற்றப்போகிறவருக்குச் சரியில்லை. அவர் ஒப்பிட வேண்டியது தவணையோடு. புது வண்டிக்கு 36 தவணையில் 1,15,200, முன்பணத்தோடு 1,35,200 ரூபாய். பழைய வண்டியும் கையைவிட்டுப் போகும். முழு இன்ஜின் வேலைக்கான 11,000 என்பது நான்கு தவணைக்கும் குறைவு. வேலை செய்த இன்ஜின் ஒரே ஒரு வருடம் ஓடினாலும் செலவு கழிந்துவிடும். தீவனச் செலவு போக மாதம் 6,000 மிஞ்சுகிறது என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். அதில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும். மாடு வருடத்தில் இரண்டு மாதமாவது வற்றும். தவணை வற்றாது.

கிடேரியை விற்பது அதைவிட மோசம். இத்தனை நாள் தீனி போட்டு வளர்த்த செலவெல்லாம் முடிந்து, வரவு தொடங்கப்போகும் நேரத்தில் அதை விற்று, வரவே தராத ஒரு பொருளுக்கு முன்பணம் கட்டுவதில் எந்த லாபமும் இல்லை. அந்த அம்மா சொல்வதே சரி.

செகண்ட்ஸ் இன்ஜினும் வேண்டாம். அது எவ்வளவு ஓடியது, ஏன் கழற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. கழற்றப்பட்ட வண்டி திருட்டு வண்டியாக இருந்தால் போலீஸ் வந்து நிற்பது இவர் வீட்டு வாசலில். இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி, இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து என்று வரும்போது எண் பொருந்தாமல் இழப்பீட்டில் வில்லங்கம் வரும். இன்ஜினைக் கொடுக்கிறவரிடம் பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல் இருக்கிறதா என்று கேட்டாலே பேச்சு மாறிவிடும்.

புது வண்டியே சரி என்று சொல்லவேண்டிய நிலையும் உண்டு. உர மூட்டையும் பால் கேனும் ஏற்றிய வண்டிகளில் சட்டம் துருப்பிடிப்பது அதிகம். யூரியா சிந்தி ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், கேரியர் பற்றவைத்த இடம், ஷாக் அப்சார்பர் மாட்டும் காது, சீட்டுக்கு அடியில் உள்ள சட்டம் இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். செதில் பெயர்ந்து உள்ளே இறங்கினால் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது. ஆர்.சி.யும் 15 வருடத்துக்குத்தான். 2027-ல் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். சட்டம் மோசமாக இருந்தால் அங்கே தேறாது. அப்படியானால் கன்று போட்டு, மூன்றாவது மாடும் பால் ஊற்றத் தொடங்கிய பிறகு தவணைக்குப் போகலாம். அதுவரை ஓரகத்தி வீட்டு வண்டியோ, பால் எடுக்க ஊருக்குள் வரும் வண்டியோ உதவுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்வதென்று முடிவானால் கழற்றிய பழைய பிஸ்டன், செயின், சீல் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். போர் பண்ணிய இன்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்கு 40-க்கு மேல் விரட்டக்கூடாது. ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டவும் கூடாது. அந்த 500 முடிந்ததும் ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அது வரைக்கும் இரண்டு கேனையும் ஒரே நடையில் ஏற்றாமல், ஓரகத்தி வீட்டுக் கேனுக்கு இன்னொரு நடை போய்வருவது நல்லது. ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், பத்துப் பதினோரு நாளில் அந்த 500 முடிந்துவிடும்.