பெயர்ப்பலகை செய்பவர்களின் பாக்கி

ஆசிரியருக்கு,

பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிகளுக்கு 5:3:2 விகிதத்தில் இடம் தரவேண்டும் என்ற விதி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பலகை செய்பவன் நான், அந்த விதியை மனதார வரவேற்கிறேன். தமிழ் எழுத்து பெரிதாக ஒளிர்வதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆனால் எங்கள் நிலையையும் எழுதுங்கள். ஃப்ளெக்ஸ் மட்டும் போதும் என்ற காலம் போய்விட்டது. இப்போது ஏசிபி என்ற அலுமினிய அடுக்கு ஷீட், அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்இடி. வெட்டும் சிஎன்சி மெஷின் பல லட்சம் ரூபாய். சின்னக் கடைக்காரர் வெளியே கொடுத்துத்தான் வெட்டி வாங்குகிறார். முன்பணம் ஷீட்டுக்கே போய்விடும். சாரம் கட்டி, மின்கம்பிக்குப் பக்கத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு மாட்டிய பிறகு, மீதிப் பணத்துக்கு அலைச்சல். மழையில் ஒரு விளக்கு அணைந்தால் அதுவே பாக்கியை நிறுத்தக் காரணம்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் முறையான பில்லும் இல்லாமல் அதைக் கேட்பது கடினம். எங்களில் பலர் வாய்வார்த்தையை நம்பியே வேலை எடுக்கிறோம். மாவட்டத் தொழில் மையங்கள் கடைவீதிக்கே வந்து பதிவு முகாம் நடத்த வேண்டும். பொதுவில் ஒரு வெட்டு மெஷினும் அமைத்துத் தர வேண்டும்.

– பெயர்ப்பலகைக் கடைக்காரர், திருச்சி