பத்து ஆண்டு விதி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பவாங் பூங்காவுக்குப் போகலாம் என்று மகளுடன் கேன்பரா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினேன். உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். வழி தேடிக் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தவள், "என்னப்பா இது? கேன்பரா, வெலிங்டன், மான்ட்ரியல், டர்பன், மால்ட்டா... நாம இருக்கிறது சிங்கப்பூர்லதானே?" என்றாள்.

இங்கே ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது, அதனால்தான் பேரரசின் ஊர்ப் பெயர்கள் என்று சொன்னேன். "இவ்வளவு பெரிய தளம் இருந்தும் ஏன் தோத்தாங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. பூங்கா போய்ச் சேரும்வரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில் பிரிட்டன் வென்றது. ஆனால் கஜானா காலி. அமெரிக்காவுக்குப் பெருங்கடன். அயர்லாந்தில் போராட்டம், எகிப்திலும் இந்தியாவிலும் கொந்தளிப்பு. இந்த நிலையில் 1919 ஆகஸ்டில் லண்டன் அமைச்சரவை ஓர் அனுமானத்தை எழுதிவைத்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பேரரசு பெரும் போர் எதிலும் இறங்க வேண்டியிராது. முப்படைகளும் அதற்கேற்பத் தங்கள் செலவைக் கணக்கிட வேண்டும். பின்னாளில் இது 'பத்து ஆண்டு விதி' என்று அழைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் அதை மோசமான முடிவு என்று சொல்ல முடியாது. ஜெர்மனி வீழ்ந்து கிடந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலையும் வீடும் தேவைப்பட்டன. கடன்பட்ட குடும்பம் செலவைக் குறைப்பதுபோல அவர்களும் குறைத்தார்கள்.

கிழக்கே கவலைப்பட ஒரு நாடு இருந்தது என்றால் அது ஜப்பான். ஆனால் 1902 முதல் ஜப்பான் பிரிட்டனின் நட்பு நாடு. 1915 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்க பிரிட்டிஷாருக்குக் கைகொடுத்தவர்களில் ஜப்பானியக் கடற்படையினரும் இருந்தார்கள். அதே பிப்ரவரி 15இல், 27 ஆண்டுகள் கழித்து இதே தீவு அதே ஜப்பானிடம் சரணடையும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

1921இல் லண்டனில் பேரரசு மாநாடு கூடியது. ஜப்பானுடனான உடன்படிக்கையைப் புதுப்பிக்கலாமா என்பது பெரிய கேள்வி. ஜப்பானின் பக்கம் இருக்கும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் புதுப்பிக்கச் சொன்னன. அமெரிக்காவின் பக்கத்து வீட்டுக்காரரான கனடா வேண்டாம் என்றது. அந்த மேசையில் இந்தியாவின் சார்பில் ஒரு தமிழரும் அமர்ந்திருந்தார். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பேரரசின் மற்ற நாடுகளில் குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக அங்கே வாதாடியவர். மலாயாவுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

முடிவில் பிரிட்டன் அமெரிக்காவின் நல்லெண்ணத்தைத் தேர்ந்தெடுத்தது. 1921 நவம்பரில் தொடங்கிய வாஷிங்டன் மாநாட்டில் ஜப்பானுடனான உறவு நான்கு நாட்டு ஒப்பந்தம் ஒன்றுக்குள் கரைந்துபோனது. பெரிய போர்க்கப்பல்களின் அளவு பிரிட்டனுக்கு ஐந்து, அமெரிக்காவுக்கு ஐந்து, ஜப்பானுக்கு மூன்று என்று விகிதம் போட்டார்கள். 1922 பிப்ரவரியில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காக ஒப்பமிட்டவரும் சாஸ்திரியே.

நட்பை விட்டாயிற்று. பதிலுக்கு என்ன? லண்டன் பேரரசு மாநாட்டுக்குச் சில நாள் முன்புதான் பிரிட்டிஷ் அமைச்சரவை சிங்கப்பூரில் கடற்படைத் தளம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருந்தது. கப்பல்கள் ஐரோப்பாவிலேயே இருக்கும். ஆபத்து வந்தால் கிளம்பி வரும். அதுவரை சிங்கப்பூர் தாக்குப்பிடிக்க வேண்டும். இதுதான் திட்டம். தொழுவத்தை இங்கே கட்டிவிட்டு, மாட்டை வேறு ஊரில் வைத்திருப்பது போல.

தொழுவமும் லேசில் எழவில்லை. 1924இல் தொழிற்கட்சி ஆட்சி வேலையை நிறுத்தியது. அதே ஆண்டு கடைசியில் ஆட்சிக்கு வந்த பழமைவாதக் கட்சி மறுபடி தொடங்கியது. அந்த அரசில் நிதியமைச்சரான சர்ச்சில், ஜப்பானோடு போர் என்பது தம் வாழ்நாளில் நடக்காத காரியம் என்று பிரதமருக்கே எழுதினார்.

அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரியது. பத்து ஆண்டு விதி 1929இல் முடிய வேண்டியது. 1928இல் சர்ச்சிலின் யோசனைப்படி, யாராவது எழுந்து மாற்றச் சொல்லும்வரை அது நாள்தோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஆக்கினார்கள். அதாவது, ஒவ்வொரு நாள் விடியும்போதும் போர் இன்னும் பத்து ஆண்டு தள்ளியே இருக்கும்.

நான் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். 1919இல் யோசித்து எடுத்த முடிவு, 1928இல் யோசிக்கத் தேவையில்லாத பழக்கமாகிவிட்டது. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்த பிறகு, 1932இல்தான் விதியைக் கைவிட்டார்கள். அதற்குள் கப்பல் கட்டும் பட்டறைகளும் ஆயுத ஆலைகளும் தேய்ந்துபோயிருந்தன. பணம் ஒதுக்கினாலும் உடனே வேலை நடக்கவில்லை.

1938 பிப்ரவரி 14ஆம் தேதி செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பெருந்துறை கோலாகலமாகத் திறக்கப்பட்டது. கப்பல்கள் வந்து சேர எத்தனை நாளாகும் என்ற கணக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது. முதலில் 42 நாள் என்றார்கள், பிறகு 70 என்றார்கள், 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180 என்றார்கள். கடைசியில், 1941 டிசம்பர் 2ஆம் தேதி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் துணைக்குச் சில சிறிய கப்பல்களும் வந்தன. எட்டே நாளில் அந்த இரண்டும் குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படைக்குச் சிங்கப்பூரைப் பிடிக்க 70 நாள் போதுமானதாக இருந்தது. துறை திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது.

போர்க்களத் தவறுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என் மனம் போவது பணத்தின் பக்கம். இந்தத் தளத்துக்கு நிலத்தை நீரிணைக் குடியேற்ற அரசு இலவசமாகக் கொடுத்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேர்ந்த கூட்டரசு மலாய் மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டு கொடுத்தன. ஜொகூர் சுல்தான் 1935இல் தந்த 5 லட்சம் பவுண்டில் ஒரு பகுதி பீரங்கிகளானது. அந்த மாநிலங்களின் வருமானம் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ரப்பர் என்றால் அதில் நம்மவர் வியர்வை இருக்கிறது. என் தாத்தாவும் பேராக்கில் மரம் சீவியவர்தான்.

1936 கடைசியில் சாஸ்திரி மலாயாவுக்கு வந்தார், தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய. அவர் பார்த்துவிட்டுப் போன லயங்களிலிருந்துதான் சில ஆண்டுகளில் ஆயிரம் ஆயிரமாக ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. பத்து ஆண்டு விதியை எழுதியவர்கள் வீட்டுக் கதவு தட்டப்படவில்லை. தட்டப்பட்ட வீட்டில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது.

அலுவலகத்தில் திட்டக் கூட்டங்களில் உட்காரும்போது இது நினைவுக்கு வருகிறது. 'அடுத்த மூன்று ஆண்டுக்கு இந்தப் பிரச்சினை வராது' என்ற ஒரு வரி, சென்ற ஆண்டின் ஆவணத்திலிருந்து இந்த ஆண்டுக்கு அப்படியே நகர்ந்து வந்திருக்கும். இப்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதை எப்போது எழுதினோம்? தவறிப்போனால் நட்டம் யாருக்கு, அவர் இந்த அறையில் இருக்கிறாரா? கூட்டம் கொஞ்சம் நீள்கிறது, பரவாயில்லை.

செம்பவாங் கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு, மகள் மறுபடியும் வரைபடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பணம் கொடுத்தவங்க ஊர்ப் பெயரும் இங்கே இருக்கணுமேப்பா. ஈப்போ எங்கே?"

நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை.