கணக்கில் பிறக்கும் பொருள்களும் மூசையில் கிடைக்கும் பொருள்களும்

கணிப்பொறியின் கணக்கு ஒரு பொருளைக் காட்டிவிட்டால் அப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே கொள்ளும் மனப்பான்மை, பொருள் விஞ்ஞானத் துறையில் அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகிறது. இம்மனப்பான்மை நம் நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களிலும் வேரூன்றுவதற்கு முன்னர், 2023-ஆம் ஆண்டில் நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நலம். ஒன்று தென்கொரியாவில் தொடங்கியது, மற்றொன்று அமெரிக்காவில். முன்னதில் புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்திற்கும் ஒரு பங்கு உண்டு.

அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாளன்று தென்கொரிய ஆராய்ச்சியாளர் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்ஸிஜன் ஆகிய நான்கு மூலகங்களாலான ஒரு சேர்மம், சாதாரண வளி அழுத்தத்தில், அறை வெப்பத்தையும் தாண்டி, மின்தடை சிறிதும் இன்றி மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதே அவ்வறிக்கையின் சாரம். எல்.கே.-99 என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். ஆராய்ச்சியாளர் இருவருடைய பெயர்களின் முதலெழுத்துக்களும், அப்பொருளை முதலில் தயாரித்ததாகக் கூறப்பட்ட 1999-ஆம் ஆண்டும் சேர்ந்து அமைந்த பெயர் அது. காந்தத்தின் மேல் அச்சேர்மத்தின் சிறு துண்டு ஒருபுறமாக எழும்பி நிற்கும் காட்சி உலகெங்கும் பரவியது. ஏறக்குறைய 105 டிகிரி சென்டிகிரேடில் மின்தடை சட்டென்று வீழ்வதைக் காட்டும் வரைபடம் ஒன்றும் உடன் இருந்தது.

பத்து நாட்கள் கழிவதற்குள் கணக்குகள் வரத் தொடங்கின. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஒருவர், அப்படிகத்தில் ஈய அணு இருக்கவேண்டிய குறிப்பிட்டதோர் இடத்தில் தாமிர அணு அமர்ந்தால் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் எவ்வாறு அமையும் என்று கணக்கிட்டார். அவை தட்டையான பட்டைகளாக அமையும் என்று விடை வந்தது. அத்தகைய பட்டைகள் மீகடத்தலுக்குச் சாதகமானவை என்ற கருத்து முன்னரே நிலவியதால், செய்தி பரப்புவோர் இக்கணக்கையே நிரூபணம் என்று முழங்கினர். கணக்கைச் செய்தவரோ தம் கட்டுரை மீகடத்தலுக்குச் சான்று அன்று என்று வெளிப்படையாகவே கூறினார். அதனைச் செவிமடுத்தோர் சிலரே.

இதே காலத்தில் புது தில்லி ஆராய்ச்சிக் கூடத்தார் உலையை மூட்டி வேலையில் இறங்கியிருந்தனர். கொரியர் கூறிய முறைப்படியே சேர்மத்தைத் தயாரித்து, எக்ஸ் கதிர்களால் அதன் அமைப்பைச் சோதித்து, காந்தத்தின் அருகில் வைத்துப் பார்த்து, அறை வெப்பத்தில் மீகடத்தலுக்கான அறிகுறி ஏதும் இல்லை என்று ஜூலை இறுதியிலேயே எழுதி வெளியிட்டனர். உலகில் முதன்முதலாக வந்த மறுசோதனை அறிக்கைகளுள் இதுவும் ஒன்று. இத்தகைய எதிர்மறை முடிவுகளுக்குப் பரிசும் பாராட்டும் கிட்டுவதில்லை. எனினும் விஞ்ஞானத்தின் அன்றாடக் கடமை இதுவே.

அவ்வாறாயின் 105 டிகிரியில் வீழ்ந்த மின்தடைக்கு என்ன காரணம்? இவ்வினாவுக்கு விடை கண்ட விதம் சுவையானது. இல்லினாய் பல்கலைக்கழகத்து ரசாயனப் பேராசிரியர் ஒருவருக்கு அந்த வெப்பநிலை எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. தாமிர சல்பைடு என்னும் பழைய சேர்மம் ஏறத்தாழ 104 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பது நெடுநாளாக ஏடுகளில் பதிவாகியிருந்த செய்தி. அவர் கொரியரின் தயாரிப்பு முறையை எடுத்து, ரசாயனச் சமன்பாட்டைச் சமன் செய்து பார்த்தார். ஒரு பங்கு எல்.கே.-99 உண்டாகும்போது 17 பங்கு தாமிரமும் 5 பங்கு கந்தகமும் மிஞ்சுகின்றன. தாமிரமும் கந்தகமும் சூட்டில் அருகருகே இருந்தால் தாமிர சல்பைடு உண்டாவதில் வியப்பில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒரு காகிதத்தில் பென்சிலால் போடக்கூடிய கணக்கு இது. அந்தக் கோடை முழுவதும் செய்யப்பட்ட கணக்குகளில் மிகவும் பயன்பட்டது இதுவே என்று கூறினால் மிகையாகாது.

பின்னர் பீகிங்கிலுள்ள பௌதிகக் கழகத்தார் தாமிர சல்பைடைத் தனியே அளந்தனர். குளிரும்போது அதே வெப்பநிலையை ஒட்டி அதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைவதைக் கண்டனர். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கழகத்தார் மாசு கலவாத தூய படிகங்களை வளர்த்தனர். அவை ஊதா நிறமாக, ஒளி ஊடுருவுவனவாக இருந்தன. மின்சாரத்தைக் கடத்த மறுத்தன. எல்.கே.-99 மீகடத்தி அன்று, மின்காப்பி.

கணக்கு தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் கூடாது. கேட்ட கேள்விக்குக் கணக்கு விடை கூறிற்று. அணுக்கள் யாவும் குறித்த இடங்களில் பிசகின்றி அமர்ந்த ஓர் இலட்சியப் படிகத்தைப் பற்றிய கேள்வி அது. மூசையில் இருந்ததோ பல பொருள்களின் கலவை. இவ்விரண்டும் ஒன்றுதானா என்பதைக் கணிப்பொறி அறியாது. அறிய வேண்டியவர் பகுப்பாய்வாளர்.

இக்கணக்குகளுக்கு அடிப்படையான கொள்கை 1964, 1965-ஆம் ஆண்டுகளில் வால்ட்டர் கோனும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்தது. ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடராமல், எலெக்ட்ரான்களின் அடர்த்தியை மட்டும் கொண்டு பொருளின் ஆற்றலைக் கணக்கிடலாம் என்று அவர்கள் காட்டினர். 1998-ல் கோனுக்கு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. கொள்கை பிழையற்றது, அதனைக் கையாளும்போது புகுத்தப்படும் தோராயங்களோ பிழையற்றவை அல்ல. சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி 1.1 எலெக்ட்ரான் வோல்ட் என்பது அளந்தறிந்த உண்மை. எளிய தோராயத்தின்படி கணக்கிட்டால் அதில் பாதியளவே கிடைக்கிறது. ஜெர்மானியத்தையோ அத்தோராயம் உலோகமாகவே ஆக்கிவிடுகிறது. துறையில் பழகியோர் இதனை நன்கறிவர்; தக்க திருத்தம் செய்துகொள்வர். ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை இயக்கி எண்களைப் பெறும் புதிய மாணவர்கள் அறிவார்களா என்பதே ஐயம்.

கணக்கு வழிகாட்டிய வெற்றிகளும் உண்டு. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம் மிகுந்த அழுத்தத்தில் உயர் வெப்பநிலை மீகடத்தியாகும் என்று 2014-ல் சீனக் கொள்கையியலார் கணக்கிட்டுக் கூறினர். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், ஏறத்தாழ 15 லட்சம் வளி அழுத்தத்தில், சுழிக்குக் கீழே 70 டிகிரி சென்டிகிரேடில் அது மீகடத்தியாவது அறிவிக்கப்பட்டது. இம்முடிவு நிலைபெற்றதற்குக் காரணம் கணக்கு மட்டுமன்று. மின்தடையை அளந்தனர்; காந்தப் பண்பை அளந்தனர்; ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கன ஹைட்ரஜனைப் புகுத்தி, மாறும் வெப்பநிலை தாழ்வதைக் கண்டனர்; பின்னர் எக்ஸ் கதிர்களால் கந்தக அணுக்களின் அமைப்பையும் சோதித்தனர். இத்தனை வாயில்களையும் கடந்த பின்னரே கணக்கு உண்மையாயிற்று.

இனி, இரண்டாவது நிகழ்ச்சி. 2023 நவம்பர் 29-ஆம் நாள் ஒரே இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று, கணிப்பொறியின் துணையால் 22 லட்சம் படிக அமைப்புக்களைக் கண்டதாகவும், அவற்றுள் ஏறத்தாழ 3,80,000 நிலைத்து நிற்கக்கூடியவை என்றும் அறிவித்தது. அவற்றுள் ஆயிரக்கணக்கானவை, புரொமீதியம் போன்று கிடைத்தற்கரிய கதிரியக்க மூலகங்களைக் கொண்டவை என்பதைப் பிற ரசாயன அறிஞர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர். அவற்றைத் தயாரிப்பவர் எவர், பயன்படுத்துபவர் எவர் என்று கேட்கத் தோன்றுகிறது. மற்றக் கட்டுரை பெர்க்லியில் அமைத்த தானியங்கி ஆராய்ச்சிக் கூடத்தைப் பற்றியது. அங்கே தூளைக் கலப்பதும், உலையில் இடுவதும், எக்ஸ் கதிர் வரைபடம் எடுப்பதும், அதனைப் படித்து முடிவு கூறுவதும் ஆகிய யாவும் பொறிகளின் பணி. 17 நாட்களில், நாடிய 58 சேர்மங்களுள் 41 கிடைத்துவிட்டதாக அறிவிப்பு.

நாலு திங்களுக்குள், 2024 மார்ச்சில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியையும் சேர்ந்த ரசாயன அறிஞர்கள் அந்த வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து மறுப்பு வெளியிட்டனர். கிடைத்தவற்றுள் புதிய பொருள் ஒன்றேனும் இல்லை என்பது அவர்கள் துணிபு. பெரும்பாலானவை தவறாக இனங்காணப்பட்டவை. எஞ்சிய சில சரியாக இனங்காணப்பட்டும், முன்னரே அறியப்பட்டவை. தானியங்கிக் கூடத்தை அமைத்தோர் தங்கள் நோக்கம் பொறியின் திறனைக் காட்டுவதே என்று விடையிறுத்தனர்.

தவறு எங்கே நேர்ந்தது என்பதைச் சற்று விளக்கவேண்டும். அளவில் ஏறத்தாழ ஒத்த இரு உலோக அணுக்கள் ஒரு படிகத்தில் இருப்பதாகக் கொள்வோம். உலையின் பெருஞ்சூட்டில் அவை எந்த இடம் தனக்கு, எந்த இடம் அண்டையானுக்கு என்று பாராமல் தாறுமாறாக அமர்வது இயல்பு. கணக்கோ சுழி வெப்பத்தில், ஒழுங்காக அடுக்கிய படிகத்தையே கருதுகிறது. ஒவ்வோர் உலோகத்திற்கும் தனித்தனி இருக்கை வகுத்துவிடுகிறது. இவ்வாறு முன்னரே அறிந்த ஒழுங்கற்ற படிகம் ஒன்று, கணக்கில் ஒழுங்கான புதிய படிகமாகப் பிறக்கிறது. இவ்விரண்டின் எக்ஸ் கதிர் வரைபடங்களும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒழுங்கு உண்டாயின், பெரிய முகடுகளுக்கு இடையே சில சிறு முகடுகள் கூடுதலாகத் தோன்றவேண்டும். அவை இல்லை என்பதைப் பழகிய கண் உடனே காணும்.

வரைபடங்களைப் படிக்க இன்று எங்கும் கையாளப்படும் முறை, டச்சு விஞ்ஞானி ஹூகோ ரீட்வெல்டு 1969-ல் விரிவாக வெளியிட்டது. அம்முறை ஓர் அமைப்பைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. நாம் ஊகித்துத் தரும் அமைப்பைச் செம்மைப்படுத்தித் தருகிறது. தவறான அமைப்பைத் தந்தால் அதனையும் இயன்றவரை பொருத்திக் காட்டும். பொருத்தம் போதுமா என்று தீர்ப்பளிப்பது மனிதன் பொறுப்பு. அப்பொறுப்பையும் பொறியிடமே விட்டதுதான் பெர்க்லியில் நேர்ந்த பிழை.

கணக்கை இதற்கு நேர்மாறாகப் பயன்படுத்திய சிறந்த முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும், புரதச் சங்கிலியின் கோணங்கள் எவ்வெவ்வாறு அமையமுடியாது என்பதைக் கணக்கிட்டு ஒரு வரைபடமாக்கினர். அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் அமைப்புக்கள் விலக்கப்பட்டவை. உலகில் எங்கே எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், இன்றும் அவ்வரைபடத்தைக் கொண்டே சரிபார்க்கின்றனர். அங்கே கணக்கு ஆராய்ச்சியாளரின் ஊகத்தைத் தணிக்கை செய்கிறது.

பெருங்கணிப்பொறிகளுக்காக இந்திய அரசாங்கம் 2015-ல் ரூ. 4,500 கோடித் திட்டம் ஒன்றை ஏற்றது. அது வேண்டத்தக்கதே. ஆனால் பொறியைப் பொருத்திவிட்டால் மறுநாளே எண்கள் வரத் தொடங்கும். எக்ஸ் கதிர்க் கருவியும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் அத்தகையன அல்ல. அவற்றுடன் ஆண்டுக்கணக்கில் பழகிய மனிதர் வேண்டும். கருவியை இயக்கும் தொழில்நுட்ப ஊழியர் ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படாமல், விலையுயர்ந்த கருவி உறையிட்டுக் கிடப்பது பலரும் கண்ட காட்சி. இந்தூரிலுள்ள இண்டஸ்-2, எலெக்ட்ரான்களை 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சுழலவிட்டு எக்ஸ் கதிர்களைத் தருகிறது. அதனினும் செறிந்த கதிர்களை நாடி நம் ஆராய்ச்சியாளர் ஹாம்பர்க்குக்கும் டிரியெஸ்டுக்கும் செல்லவேண்டியிருக்கிறது. கணிக்கும் வலிமை பெருகப் பெருக, அளக்கும் வலிமையும் அதே விகிதத்தில் பெருகவேண்டாமா? மூன்று லட்சம் ஊகங்களைச் சோதிக்கும் கண்கள் எங்கே?

பெருஞ்செலவில்லாத சில சீர்திருத்தங்களை உடனே செய்யலாம். படிக அமைப்பியல் பல முதுகலை வகுப்புக்களில் சில வாரப் பாடமாகச் சுருங்கிவிட்டது. மாணவன் மென்பொருளைத் தொடுமுன் பத்து வரைபடங்களையேனும் தன் கையால் படித்துக் குறியிடும்படி அதனை விரிக்கவேண்டும். பொதுப் பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சியில் புதிய சேர்மம் என்று உரிமை கொண்டாடுவோர், அதன் ரசாயன இயைபை எக்ஸ் கதிர் வரைபடம் தவிர்ந்த இரண்டாவது முறை ஒன்றாலும் அளந்து காட்டவேண்டும். பிறர் செய்த சோதனையை மீண்டும் செய்து இல்லை என்று காட்டிய அறிக்கைகளையும் பதவி உயர்வின்போது கணக்கில் கொள்ளவேண்டும்; தில்லிக் கூடத்தாரின் அறிக்கை போன்றவை அப்பொழுது மேலும் வரும். இவற்றோடு, வெளியிடும் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய எக்ஸ் கதிர் அளவுகளின் மூல எண்களை எவரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுச் சேமிப்பில் இடவேண்டும். பெர்க்லிக் கூடத்தின் பிழை வெளிப்பட்டதே, அவர்கள் தம் வரைபடங்களை மறைக்காமல் வெளியிட்டிருந்தமையால்தான். ஒரு வரைபடத்தின் மூல எண்கள், கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படத்தைவிடக் குறைந்த இடத்தையே பிடிக்கின்றன.