பூச்சியத்தில் விட்ட கெமராவும் அப்பாயியின் முகமும்

போன தைப்பொங்கல் அன்று, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் நாங்கள் ஒரு குரூப் போட்டோ எடுத்தோம். பின்னால் மூடுபனி. முன்னால் பொங்கல் பானை, வெள்ளைச் சட்டை போட்ட பொடியன்கள். நடுவில் எங்களில் ஒருவரின் அப்பாயி. காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். ஃபோனில் படத்தைக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்னப்பா இது, சீலை மட்டுந்தான் தெரியுது. நா எங்க?"

எங்களில் ஒருத்தர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "நீங்க கொஞ்சம் கறுப்புல்ல அப்பாயி, அதான் கெமராவுக்குப் புடிபடல." எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார். பிறகு யோசிச்சா வெட்கமா இருந்துச்சு. பிழை விட்டது கெமரா. திருத்தாமல் விட்டது நாங்கள். பழியை மட்டும் அவருடைய தோலில் போட்டுவிட்டோம்.

கெமராவின் ஒளிமானிக்கு ஒரேயொரு நம்பிக்கைதான் உண்டு. எதைக் காட்டினாலும், அது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். மூடுபனியைக் காட்டினால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். பனி சாம்பலாகும், முகம் கரியாகும். இருண்ட காம்பராவுக்குள் அடுப்படியில் நிற்கும் ஒருவரைக் காட்டினால் பிழை மறுபக்கம் திரும்பும். வெளிச்சம் காணாது என்று எல்லாவற்றையும் தூக்கும். புகை படிந்த சுவர் வெளுக்கும். மண்ணிறத் தோல் சாம்பல் பூசின மாதிரி வரும். முகத்தைக் கண்டுபிடிக்கிற புது ஃபோன்கள்கூட, பின்னால் வெளிச்சம் பலமாக இருந்தால் தடுமாறத்தான் செய்கின்றன.

இதைத் திருத்தத்தான் எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன் இருக்கிறது. கெமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன். ஃபோனில் முகத்தைத் தொட்டால் வருகிற சின்னச் சூரியன், அதை மேலே கீழே இழுக்கலாம். +1 என்றால் ஒளி இரண்டு மடங்கு. −1 என்றால் பாதி. மூடுபனிக்கு முன்னால் நிற்பவருக்கு +1, சிலவேளை அதற்கு மேலும். இருண்ட காம்பராவில் −1 வரை. அவ்வளவுதான் வித்தை. பூச்சியம் என்பது நடுநிலை இல்லை. அது கெமரா செய்தவர்கள் எடுத்து வைத்த முடிவு.

இந்த முடிவுகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879இல் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் படங்களில் இருக்கும் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அன்றைய கொலோடியன் தகட்டுக்குச் சிவப்பும் மண்ணிறமும் சரியாகத் தெரியாது. அதனால் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிட இருட்டாகவே பதிந்தது. பிறகு கலர் ஃபிலிம் வந்தது. 1950களிலிருந்து ஸ்டூடியோக்களுக்கு நிறம் சரிபார்க்கக் கொடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண். "ஷெர்லி அட்டை" என்றே அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் இதைப் பற்றி எழுதினார். ஃபிலிம் திருந்தியதற்குச் சொக்லேட், தளபாடக் கம்பனிகளின் முறைப்பாடும் ஒரு காரணம் என்கிறார். மண்ணிற மனுசர் கேட்டு வராத திருத்தம், மண்ணிற அலுமாரிக்காக வந்தது.

"பிறகு எடிட் பண்ணிக்கலாம்" என்பார்கள். பண்ணலாம், ஓரளவுக்கு. இருட்டில் புதைந்த முகத்தைப் பின்னால் தூக்கினால் புள்ளி புள்ளியாக வரும். "கூட்டினா பனி வெளுத்துப்போகும்" என்பார்கள். போகட்டும். பனி நாளைக்கும் வரும். அப்பாயி அப்படி இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கூட்டும்போது பல கெமராக்களில் ஷட்டர் வேகம் குறையும், கொழுந்து பறிக்கும் கை கலங்கிப்போகும். அப்போ ஐ.எஸ்.ஓவைக் கூட்டுங்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. முகத்தை வெளுக்க வைத்து, பவுடர் அப்பின மாதிரி ஆக்கித் தருகிற ஸ்டூடியோ டச்சப், ஃபோன் ஃபில்டர். இதுவும் அதுவும் ஒன்றல்ல. நாங்கள் கேட்பது வெள்ளை இல்லை, வெளிச்சம். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அதில் கண் தெரியட்டும், சுருக்கம் தெரியட்டும், மூக்குத்தி மின்னட்டும்.

தெமோதரைப் பக்கம் ரயிலில் வந்து தேயிலைப் பச்சையை மட்டும் எடுத்துப் போகிறவர்களின் படங்களில், கொழுந்து பறிக்கிறவர் கூடை சுமந்த நிழல். அவர்களோடு சண்டை போடுவதற்கு முன்னால் எங்கள் கேலரியைத் திறந்து பார்ப்போம். எத்தனை அம்மாமார் அதில் நிழலாக நிற்கிறார்கள்?

அடுத்த நாள் காலை திரும்பவும் போனோம். அதே வாசல், அதே பனி. முகத்தைத் தொட்டோம், சூரியனை மேலே இழுத்தோம். அப்பாயி ஃபோனை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நாந்தான்" என்றார். "இத பெருசா போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தோம். நீங்களும் ஒன்று எடுத்துக் கொடுங்கள்.